சீக்கிரம் கேப்டன் ஆக்குகிறார்களாம், மாறலாமா?

கேள்வி: என் மகன் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி. வேறொரு நிறுவனம் விரைவில் கேப்டன் ஆக்குவதாக அழைக்கிறது. சம்பளமும் கூடுதல். போகலாமா?
- ஒரு தாய், ஸ்ரீரங்கம்

பதில்: அவசரப்பட வேண்டாம், அம்மா. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஸ்கூட்டும் பறக்கின்றன. தடம் ஒன்றுதான், சம்பளக் கணக்கும் சீனியாரிட்டிப் பட்டியலும் வேறு வேறு. நிறுவனம் மாறும் விமானிக்குப் பறந்த மணிநேரம் கூடவே வரும், பணிமூப்பு பெரும்பாலும் வராது. அங்கே அவர் பட்டியலின் கடைசிப் பெயர். ஆட்குறைப்பு வந்தால் அந்த இடம் ஆபத்தானது.

பணிமூப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஏர் இந்தியாவே சாட்சி. 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸ் அதோடு இணைந்தது. புதிய ட்ரீம்லைனர் விமானத்தில் இணைந்த இரு தரப்பு விமானிகளில் யாருக்கு முதலில் பயிற்சி என்ற சண்டை முற்றி, 2012இல் விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதவி உயர்வு நியாயமாக நடக்குமா என்ற அச்சம்தான் அதன் வேர். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன்.

கேப்டன் பதவிக்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதன்பின் காலியிடம் வேண்டும். அது புது விமானங்கள் வந்து சேரும் வேகத்தைப் பொறுத்தது.

சம்பளத்தில் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் எத்தனை மணி நேரத்துக்கு உறுதியான ஊதியம் என்று கேளுங்கள். 2024இல் விஸ்தாரா அதை 70இலிருந்து 40ஆகக் குறைத்தபோதுதான் விமானிகள் கொதித்தார்கள். கேப்டன் பயிற்சி எப்போது என்பதையும் இடையில் விலகினால் கட்ட வேண்டிய பயிற்சிப் பத்திரத்தின் தொகையையும் எழுத்தில் வாங்கிய பிறகே மகன் கையெழுத்திடட்டும்.