பழைய பெட்டியில் புது கேம்: முதலில் அளந்து பார்!



ஆண்டு மலரில் கம்ப்யூட்டர் கேமுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நம்மில் பலர் வீட்டில் இருப்பது, ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக்கட்டிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்தான். அதில் புது கேம் திக்கித் திணறினால், "எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கு தம்பி" என்பதுதான் முதலில் கிடைக்கும் யோசனை. என்னிடமும் ஒரு கடைக்காரர் அப்படித்தான் சொன்னார். அவர் கேட்ட தொகை, கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் என் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளம். தங்கையின் பாடம், என் ஆட்டோகேட், ராத்திரி கேம் என்று மூன்றுக்கும் எங்கள் வீட்டில் அந்த ஒரே பெட்டிதான். ஆகவே, காசை எதில் போடுவது என்பது எங்களுக்கு விளையாட்டுச் சமாசாரம் இல்லை.

நெரிசல் எங்கே?

ஹார்பர் ஜீரோ கேட் நமக்கெல்லாம் தெரியும். உள்ளே கிரேன் எவ்வளவு வேகமாக இறக்கினாலும், கேட்டில் லாரி நகராவிட்டால் வெளியே ரோடு முழுக்க வரிசை நிற்கும். இன்னொரு கிரேன் வாங்கினால் வரிசை குறையுமா? குறையாது. கம்ப்யூட்டரும் அப்படியே. பிராசஸர், ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் ஆகிய நாலில் எது மெதுவோ, அதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. திரையில் படம் வினாடிக்கு 60 முறை மாற வேண்டுமானால், ஒரு படத்தைத் தயார் செய்யக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட். 30 முறை போதும் என்றால் 33.3. இந்த நேரத்துக்குள் வேலையை முடிக்காத ஆள் யார் என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

என் பெட்டியில் இருந்தது இன்டெல் கோர் ஐ5-3470 பிராசஸர் (2012-ல் வந்தது), 4 ஜி.பி. ரேம், ஹார்டு டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஓட்ட நினைத்தது ஜி.டி.ஏ. 5. அது பி.சி.க்கு வந்தது 2015 ஏப்ரலில். அந்த கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் கம்பெனியின் சிபாரிசுப் பட்டியலைப் பார்த்தால், இன்டெல் பிராசஸர் வரிசையில் இருப்பது இதே ஐ5-3470! கூடவே 8 ஜி.பி. ரேம், 2 ஜி.பி. ஜி.டி.எக்ஸ். 660 கார்டு. எடைக்குப் போடச் சொன்ன பெட்டியில் பிராசஸர் தகுதியான ஆள்தான். துணைக்குத்தான் ஆள் இல்லை.

காசில்லாத பரிசோதனை

கேமின் செட்டிங்கில் 1920×1080 என்பதை 1280×720 ஆகக் குறைத்துப் பாருங்கள். 20,73,600 புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும், அதாவது பாதிக்கும் கீழே. வேகம் நன்றாகக் கூடினால் குறை கிராபிக்ஸில். கூடவே இல்லையென்றால் பெரும்பாலும் பிராசஸரில். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ரேமும் டிஸ்க்கும் 100 சதவீதத்தை முட்டுகிறதா என்றும் பார்த்து எழுதி வையுங்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. சுத்தம். 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினார்கள். ராயபுரம் வீடுகளில் கரித்தூள் படிகிறது என்று வழக்கு ஐகோர்ட் வரை போன பிறகு, அது எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. கரி இடம் மாறியதே தவிர, நம் பக்கம் தூசி நின்றபாடில்லை. கூடவே உப்புக் காற்று. ஹீட் சிங்க் அடைத்துக்கொண்டால் பிராசஸர் சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தூசியை எடுங்கள், தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள், ரேமின் பித்தளை நிறக் காலை ரப்பரால் மெதுவாகத் துடையுங்கள். செலவு டீக்காசு.

2. ரேம். 8 ஜி.பி. போடுவதென்றால் 4+4 ஆக இரண்டு போடுங்கள். டி.டி.ஆர்.3-1600 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 12.8 ஜி.பி. வழி. இரண்டு சேர்ந்தால் 25.6. தனி கார்டு இல்லாதவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏனென்றால் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போடுகிறது.

3. எஸ்.எஸ்.டி. கேம் திறக்கும் நேரம் குறையும், விண்டோஸ் பறக்கும். ஆனால் வினாடிக்கு எத்தனை படம் என்பது இதனால் பெரிதாகக் கூடாது. தங்கைக்கு லாபம், கேமுக்குக் கொஞ்சம்தான்.

4. கிராபிக்ஸ் கார்டு. இங்கேதான் எலக்ட்ரிகல் நண்பர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மதர்போர்டு ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட்ஸ். 2019-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 அதற்குள் அடங்கும். பிராசஸர் 77, கார்டு 75, மற்றவை ஒரு 45 என்றால் ஏறக்குறைய 200 வாட்ஸ். என் எஸ்.எம்.பி.எஸ். 240 வாட்ஸ். தாங்கும், ஆனால் அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. விரலுக்குத் தகுந்த வீக்கம்! எஸ்.எம்.பி.எஸ். மாற்றுவதானால், லேபிளில் பெரிசாகப் போட்டிருக்கும் வாட்ஸை மட்டும் நம்பாமல், 12 வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12 × 16 = 192 வாட்ஸ். கேம் ஓடும்போது பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இதிலிருந்துதான். ஒல்லியான பெட்டி என்றால் 'லோ புரொபைல்' கார்டு என்று கேட்டு வாங்க வேண்டும்.

ரிச்சி தெருவில் வாங்கும்போது

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷன், அங்கிருந்து நடைதூரம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும், ராப்பகலாக உழைத்த கார்டுகள் நிறைய செகண்ட் ஹேண்டுக்கு வந்தன. அதனால் கடையிலேயே பதினைந்து நிமிஷம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் ஒரு பெயர், உள்ளே பழைய சிப் என்று ஏமாற்றும் கார்டும் உண்டு. 'ஜி.பி.யூ.-இசட்' என்ற இலவச சாஃப்ட்வேர் உண்மையைச் சொல்லிவிடும்.

எங்கே நிறுத்துவது?

என் பெட்டியில் 720-ல் பதினைந்து, இருபது என்று தத்தளித்த கேம், இப்போது 1080-ல் ஐம்பதுக்கு மேல் ஓடுகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு. 2025 மார்ச்சில் வந்த ஜி.டி.ஏ. 5 'என்ஹான்ஸ்டு' பதிப்பு குறைந்தபட்சமே ஐ7-4770 கேட்கிறது. ஏ.வி.எக்ஸ்.2 என்ற கட்டளைத் தொகுதி 3-ஆம் தலைமுறை இன்டெல்லில் கிடையாது, அதைக் கேட்கும் புது கேம்கள் இதில் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்த பிராசஸரை ஏற்பதில்லை. லினக்ஸ் போட்டு, ஸ்டீமின் புரோட்டான் வழியாக நிறைய கேம் ஆடலாம். வாலரன்ட் மாதிரி சில மட்டும் ஓடாது. அந்த எல்லைக்கு வந்த பிறகு பழைய பெட்டியில் ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள். அடுத்த பெட்டிக்குச் சேர்த்து வையுங்கள். எஸ்.எஸ்.டி.யை அதிலும் மாட்டிக்கொள்ளலாம்.

நண்பர்களே, ஒர்க்‌ஷாப்பில் அளக்காமல் வெட்டினால் ஜாப் வீண். கடையிலும் அளக்காமல் வாங்கினால் அப்பாவின் உழைப்பு வீண். முதலில் அளப்போம், பிறகு மாட்டுவோம். பரீட்சை முடிந்ததும் ஆடுவோம்!