ஒரு சொல், பல வினைகள்

தில்லியில் ஏழாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி, ஈரோட்டில் வாழும் தன் அம்மிச்சியிடம் நாள்தோறும் தொலைபேசியில் பேசுவாள். ஒருநாள் இரவு, "அம்மிச்சி, மாத்திரை எடுத்தீர்களா?" என்று வினவினாள். "அப்போதே எடுத்துவிட்டேன், கண்ணு" என்று மறுமொழி வந்தது. சிறுமி கவலையின்றி உறங்கினாள்.

மறுநாள் காலையில் அம்மிச்சிக்குத் தலைசுற்றல் வந்தது. மாத்திரையோ மேசைமேல் கிடந்தது. உறையிலிருந்து அதனை எடுத்து வைத்தவர், உணவுக்குப்பின் விழுங்கலாம் என்றெண்ணி மறந்துவிட்டார். பேத்தி கேட்டது ஒன்று. அம்மிச்சி விளங்கிக்கொண்டது மற்றொன்று.

இப்பிழை எங்கே பிறந்தது? சிறுமி ஆங்கிலத்தில் எண்ணினாள். 'டேக்' என்னும் வினைக்கு 'எடு' என்பதே பொருள் எனக் கொண்டாள். ஆனால் 'டேக்' ஒரு பொருளோடு நிற்பதன்று. அது இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கு முன்பு வழங்கிய 'நிமன்' என்னும் வினையை விலக்கிவிட்டு, நாளடைவில் பல பொருள்களைத் தனதாக்கிக்கொண்டது. ஆங்கிலேயர் 'டேக்' என்னும் ஒரே வினையை ஆளும் இடங்களில் தமிழ் வெவ்வேறு வினைகளை ஆள்கிறது:

மருந்து உட்கொண்டாள்.
தேர்வு எழுதினாள்.
பேருந்தில் ஏறினாள்.
குளித்தாள்.
இருக்கையில் அமர்ந்தாள்.
பொறுப்பை ஏற்றாள்.
ஒரு மணி நேரம் ஆயிற்று.

'டேக்' என்பதோடு 'ஆஃப்' சேர்ந்தால் விமானம் புறப்படும், சட்டையும் கழற்றப்படும். 'ஆஃப்டர்' சேர்ந்தால் மகள் தாயை ஒத்திருப்பாள்.

தமிழின் 'எடு' என்னும் வினையும் இவ்வாறே பல பொருள் உடையது. பசி எடுக்கிறது, பாம்பு படம் எடுக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டுவித்ததைக் குறிக்க, இராசராசன் கல்வெட்டு 'எடுப்பித்தல்' என்னும் வினையையே ஆள்கிறது. இவ்விடங்களில் 'எடு' என்பதை 'டேக்' எனப் பெயர்த்தால் ஆங்கிலம் அறிந்தோர் திகைப்பர்.

எனவே, பெயர்க்கும்போது சொல்லைப் பார்த்துச் சொல்லை இடுதல் தகாது. 'இங்கே நிகழும் செயல் யாது?' என்று முதலில் வினவுதல் வேண்டும். அச்செயலுக்குரிய வினையைப் பின்னர்த் தேர்தல் வேண்டும். மாத்திரையை விழுங்குவதற்கு வீட்டுவழக்கில் 'போடு' என்னும் வினை உண்டு.

இப்பொழுது அச்சிறுமி, "மாத்திரை போட்டீர்களா, அம்மிச்சி?" என்றே கேட்கிறாள். "எடுத்து வைத்திருக்கிறேன், கண்ணு, இனிமேல்தான் போடவேண்டும்" என்று சில நாள்களில் விடை வரும். அம்மிச்சி தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவள் தொலைபேசியை வைப்பதில்லை.

சொற்பொருள்

அம்மிச்சி – தாயின் தாய் (கொங்கு வட்டார வழக்கு)
படம் – பாம்பின் விரிந்த தலைப்பகுதி
மறுமொழி – விடை

பயிற்சி

1. பொருத்தமான வினையால் நிரப்புக. (எழுதினான், ஆயிற்று, கழற்றினான்)
அ. அண்ணன் கணிதத் தேர்வு ________.
ஆ. தம்பி காலணியைக் ________.
இ. தொடர்வண்டி சென்னை சேர இரண்டு நாள் ________.

2. 'எடு' என்னும் வினை வெவ்வேறு பொருளில் வருமாறு மூன்று தொடர்கள் எழுதுக.

3. 'போடு' என்னும் வினை வெவ்வேறு பொருளில் வரும் ஐந்து தொடர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து எழுதுக.