தொட்டிக் கடலும் தானியங்கி நீர்மாற்றமும்

(இளம் அறிவியல், விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

"கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்கிறது, கூடத்தில் எதற்கு இன்னொரு கடல்?" தூத்துக்குடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. வெளிக்கடலில் மீனைப் பிடிக்கலாம். ஆனால் அது உண்பதையும் உறங்குவதையும் அருகிலிருந்து பார்க்க முடியாது. அந்த ஆசையில்தான் 100 லிட்டர் கடல்நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை மூன்று ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். தொட்டியை 'வளர்ப்பது' என்று சொல்வது பிழையன்று. மீனை வளர்ப்பவன் முதலில் தண்ணீரை வளர்க்கக் கற்க வேண்டும். அதைக் கற்றபோது நான் செய்த ஒரு பிழையும், அதிலிருந்து பெற்ற பாடமும் சக மாணவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஏன் நீரை மாற்ற வேண்டும்?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. மணலிலும் கல்லிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை குறைவு. ஆனால் சிறிய தொட்டியில் அதற்கு வெளியேறும் வழி இல்லை. நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். பரந்த கடலில் கோடிக்கணக்கான உயிர்கள் செய்யும் வேலையை இங்கு வாளியும் குழாயும் செய்தாக வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ஒரு முறை 30 லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றி வந்தேன். நான் விடுதிக்கு வந்த பிறகு அந்த வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. ஒரு நாள் வாளியைத் தூக்கியபோது அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "ஏல, ஒன் மீனுக்கு நா தண்ணி சொமக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தானாக நீர் மாறும் ஏற்பாட்டைப் பற்றி அன்றுதான் எண்ணத் தொடங்கினேன்.

சிறுநீரகம் சொல்லும் வழி

நம் சிறுநீரகம் வாரத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்து வேலை செய்வதில்லை. ஒவ்வொரு நிமிடமும் சிறிது சிறிதாக இரத்தத்தைத் தூய்மை செய்கிறது. அதனால் இரத்தத்தின் நிலை ஏறி இறங்காமல் ஒரே சீராக நிற்கிறது. தொட்டிக்கும் அதுவே நல்லது. ஆனால் சிறிது சிறிதாக மாற்றினால் அதே அளவு பயன் கிடைக்குமா? கணக்கைப் பார்த்துவிடுவோம்.

100 லிட்டரில் 30 லிட்டரை ஒரே முறையில் மாற்றினால், பழைய கழிவில் 70 விழுக்காடு மிஞ்சும். அதே 30 லிட்டரை நாளுக்கு ஒரு லிட்டராக 30 நாள் மாற்றினால் 74 விழுக்காடு மிஞ்சும். நேற்று ஊற்றிய புதுநீரிலும் ஒரு சிறு பங்கு இன்று வெளியே போய்விடுவதே இதற்குக் காரணம். ஆக இழப்பு மிகச் சிறிது.

இன்னொரு கணக்கும் உண்டு. நாள்தோறும் லிட்டருக்கு அரை மில்லிகிராம் நைட்ரேட் கூடுவதாகக் கொள்வோம். மாதம் 30 விழுக்காடு மாற்றினால் நைட்ரேட் நாளடைவில் 35-க்கும் 50-க்கும் இடையே ஊசலாடும். நாளுக்கு ஒரு விழுக்காடு மாற்றினால் 50-இல் வந்து நிற்கும். இரண்டு விழுக்காடு மாற்றினால் 25-இல் நிற்கும். தினசரி வரவை, மாற்றும் பின்னத்தால் வகுத்தால் கிடைக்கும் விடை அது. எனவே தானியங்கி என்பது மந்திரம் அன்று. குறைந்த தண்ணீரில் கூடுதல் தூய்மையை அது தராது. ஊசலாட்டத்தை நிறுத்தும், முதுகைக் காப்பாற்றும். தூய்மை வேண்டுமென்றால் தண்ணீரும் கூட வேண்டும். நான் நாளுக்கு 2 லிட்டர் என்று முடிவு செய்தேன்.

உப்பூரில் உப்புக்குப் பஞ்சமா?

மாதம் 60 லிட்டர் கடல்நீருக்கு எங்கே போவது? "நம்ம ஊர் உப்பளத்து உப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் போகிறது" என்றார் நண்பர் ஒருவர். இது பலருக்கும் உள்ள எண்ணம், தவறான எண்ணம்.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்னும் வேதியியலார் பகுத்து, 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். கடல்நீரின் மொத்த உப்பு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம். ஆனால் அதிலுள்ள முதன்மை உப்புகளின் விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை என்பது அதனால் உறுதிப்பட்டது. கடல் உயிர்கள் பழகியிருப்பது அந்த விகிதத்துக்குத்தான்.

உப்பளமோ அந்த விகிதத்தைப் பிரித்துப்போடும் தொழிற்சாலை. நீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட் படிகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக வற்றும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்கானதும் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு, படிகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே சமையல் உப்பைக் கரைத்தால் கிடைப்பது உப்பு நீர், கடல்நீர் ஆகாது.

விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் மாமா, கரையை விட்டு வெகுதூரம் தாண்டிய பிறகு மூன்று கேன்களில் நீர் மொண்டு வருகிறார். துறைமுகத்துக்கு அருகே எடுப்பதில்லை. எண்ணெயும் சகதியும் கலந்திருக்கும். அந்நீரைத் துணியில் வடிகட்டி, மூடிய பீப்பாயில் இருட்டில் இரண்டு வாரம் வைத்துத் தெளிந்த நீரை மட்டும் பயன்படுத்துகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பு குறைந்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் ஹைட்ரோமீட்டரால் அளப்பது கட்டாயம். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அதாவது ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.026 என்பது என் இலக்கு. கடலுக்கு எட்டாத ஊரில் இருப்பவர்கள், எல்லா உப்புகளும் உரிய விகிதத்தில் கலந்து இதற்கென்றே விற்கப்படும் கலவையைத்தான் வாங்க வேண்டும்.

அமைப்பு

ஏற்பாடு எளிது. தொட்டிக்குக் கீழே புதுநீர்ப் பீப்பாய் ஒன்று. இரண்டு சிறு பம்புகள்: ஒன்று பழைய நீரை வெளியேற்றும், மற்றொன்று புதுநீரை உள்ளே தரும். இரண்டும் பெரிஸ்டால்டிக் பம்புகள். குடல் சுவர் சுருங்கி விரிந்து உணவை முன்னே தள்ளும் பெரிஸ்டால்சிஸை நாம் படித்திருக்கிறோம் அல்லவா? அதே தத்துவந்தான். சுழலும் உருளைகள் ரப்பர்க் குழாயை நசுக்கிக்கொண்டே போக, உள்ளிருக்கும் நீர் முன்னேறுகிறது. இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் இரத்தத்தைத் தள்ளுவதும் இவ்வகைப் பம்புதான். உப்புநீர் எந்த உலோகத்தையும் தொடாது என்பது இதன் சிறப்பு. மூன்று மணிக்கு ஒரு முறை 250 மில்லிலிட்டராக, நாளுக்கு எட்டு முறை இரண்டு பம்புகளும் ஓடுமாறு மின்னணு டைமர் வைத்தேன்.

குழாய்களை வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். உள்வரும் குழாயும் வெளியேறும் குழாயும் தொட்டியின் எதிரெதிர் மூலைகளில் இருக்க வேண்டும். இல்லையேல் புதுநீரே வெளியே போகும். உள்வரும் குழாயின் முனை நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும்; மூழ்கியிருந்தால், பம்பின் குழாய் தளரும் நாளில் சைஃபன் முறையில் தொட்டிநீர் பீப்பாய்க்குத் திரும்பிவிடும். வெளியேறும் குழாய் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் மூழ்கக் கூடாது. அப்போது எது பழுதானாலும் அந்த இரண்டு விரற்கடை நீர்தான் போகும்.

இத்துடன் ஆவியாகும் நீருக்கும் ஈடு செய்ய வேண்டும். என் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அன்று. எனவே அதற்கு நன்னீரே ஊற்ற வேண்டும். மேலே 25 லிட்டர் நன்னீர்ப் பீப்பாய் வைத்து, வீட்டு மேல்தொட்டியில் உள்ளதைப் போன்ற மிதவை வால்வு ஒன்றைப் பொருத்தினேன். மட்டம் குறைந்தால் வால்வு திறக்கும், நிறைந்தால் மூடும்.

அளவு பார்த்தல்

ஒரே கடையில் வாங்கிய ஒரே வகைப் பம்புகள்தாம். ஆனால் பத்து நிமிடம் ஓடவிட்டு அளவுசாடியில் பிடித்தபோது ஒன்று 500 மில்லிலிட்டரும் மற்றொன்று 475 மில்லிலிட்டரும் தந்தன. ஐந்து விழுக்காடு வேறுபாடு. வெளியேறுவது 2 லிட்டர், உள்ளே வருவது 1.9 லிட்டர் என்றால் குறையும் 100 மில்லிலிட்டரை மிதவை வால்வு நன்னீரால் நிரப்பிவிடும். உப்பு மெல்லக் குறைந்து 33.25-இல் வந்து நிற்கும். அதனால் குறைவாகத் தரும் பம்பை 5 நிமிடத்துக்குப் பதிலாக 5 நிமிடம் 16 நொடி ஓடவிட்டேன். ரப்பர்க் குழாய் நாளடைவில் தளரும் ஆதலால் இச்சோதனையை மாதந்தோறும் செய்ய வேண்டும்.

நடந்த பிழை

இவ்வளவு கணக்குப் பார்த்தவன் மிக எளிய ஒன்றை மறந்துவிட்டேன். கடந்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு 7 நாளும், அதைத் தொடர்ந்து உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு 3 நாளும் வெளியே போயிருந்தேன். புறப்படும்போது புதுநீர்ப் பீப்பாயில் 6 லிட்டர்தான் இருந்தது. பார்க்காமல் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் பீப்பாய் காலியாயிற்று. உள்ளே தரும் பம்பு வெறும் காற்றைத் தள்ளியது. வெளியேற்றும் பம்பு தன் கடமையைத் தவறாமல் செய்தது. குறைந்த நீரை மிதவை வால்வு நன்னீரால் ஒழுங்காக நிரப்பிக்கொண்டே இருந்தது. அம்மாவிடம் நாள்தோறும் தொலைபேசியில் கேட்டேன். "தண்ணி கொஞ்சங்கூடக் கொறையல, நீ கவலப்படாத" என்றார்கள். உண்மைதான். மட்டம் மயிரிழையும் குறையவில்லை. உப்புதான் நாளுக்கு இரண்டு விழுக்காடு குறைந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது ஒப்படர்த்தி 1.023, உப்பு 35-இலிருந்து 30 வரை இறங்கியிருந்தது. இரண்டு கோமாளி மீன்களும் உயிருடன் இருந்தன. எலும்பு மீன்கள் செவுள், சிறுநீரகம் ஆகியவற்றின் துணையால் உடலின் உப்பு அளவைத் தாமே காத்துக்கொள்ள வல்லவை. ஆனால் மாமாவின் வலையில் சிக்கி வந்து, ஒன்றரை ஆண்டு என் தொட்டியின் கண்ணாடியில் ஊர்ந்த நட்சத்திர மீன் இறந்து கிடந்தது. முட்தோலிகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. அவற்றின் நீர்க்குழல் மண்டலத்தில் ஓடுவது ஏறத்தாழ கடல்நீரே. வெளியே உப்பு குறைந்தால் சவ்வூடு பரவலால் உடலுக்குள் நீர் புகுந்துவிடும். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய விடை, என் அலட்சியத்தால் என் கண்முன்னே நடந்திருந்தது.

குறைந்த உப்பை ஒரே நாளில் ஏற்றவில்லை; அது இன்னொரு அதிர்ச்சியாகும். நன்னீர் வால்வை மூடிவிட்டு, ஆவியாகும் ஒரு லிட்டருக்கும் கடல்நீரையே ஊற்றி, வழக்கமான 2 லிட்டர் மாற்றத்தையும் தொடர்ந்தேன். பன்னிரண்டு நாளில் பழைய நிலை திரும்பியது.

திருத்தங்கள்

இப்போது புதுநீர்ப் பீப்பாயின் அடியில் மிதவை சுவிட்ச் ஒன்று இருக்கிறது. நீர் 4 லிட்டருக்குக் கீழே இறங்கினால் இரண்டு பம்புகளும் ஒருசேர நின்றுவிடும். இரண்டும் நிற்பதே முக்கியம். ஒன்று மட்டும் நின்றால் கேடு. நன்னீர்ப் பீப்பாயை 10 லிட்டராகக் குறைத்துவிட்டேன். வால்வு சிக்கிக்கொண்டாலும் பத்து லிட்டருக்கு மேல் தொட்டியில் கலவாது. அம்மாவுக்கும் ஹைட்ரோமீட்டரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். மிதவையில் சிவப்புக் கோடு ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் அவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள்.

தொட்டி வைக்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பவளங்களை 2001-இல் நம் அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அவற்றை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் செல்வம் அங்கேயே இருக்கட்டும். கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி மையத்தார் வெற்றிகரமாகச் செய்துகாட்டியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன்களையே வாங்குங்கள். தொட்டிக் கழிவுநீரை நேராகக் கடலில் கொட்டவும் வேண்டாம். நோய்க்கிருமிகள் அதனுடன் போகக்கூடும்.

முடிவுரை

தானியங்கி என்ற சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. தானே இயங்குவது தானே சிந்திக்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்தப் பத்து நாளும் என் பம்பு பழுதாகவில்லை, வால்வு பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகவே செய்தது. எல்லாம் சரியாக இயங்கியும் ஓர் உயிர் போயிற்று. மட்டத்தைப் பார்த்தவர் இருந்தார். உப்பைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கருவி நம் கைக்கு ஓய்வு தரும். கண்ணுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டால், அதற்கான விலையை நாம் வளர்க்கும் உயிர்தான் கொடுக்கும்.