சினை ஆட்டுக்குப் பூனையால் ஆபத்தா?

கேள்வி: சினைச் செம்மறிகள் அடுத்தடுத்துக் குட்டி வீசினால் பூனைதான் காரணம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையாக இருக்கலாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் முட்டை வைக்கிறது. பூனையின் மலம் கலந்த தீவனத்தையோ தண்ணீரையோ சினை ஆடு உட்கொண்டால் ஒட்டுண்ணி நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போய்விடும். எந்த மாதத்தில் தொற்றியது என்பதே முக்கியம். ஆரம்பத்தில் என்றால் கரு கரைந்து ஆடு மலடு போலத் தோன்றும். நடுவில் என்றால் குட்டி செத்துப் பிறக்கும், வற்றியும் கிடக்கும். கடைசியில் என்றால் பெரும்பாலும் உயிரோடு பிறக்கும், ஆனால் தொற்றோடு. நஞ்சுக்கொடி மொட்டுகளில் வெண்புள்ளிகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் புருசெல்லா கிருமியாலும் குட்டி வீசும். ஆய்வகச் சோதனைதான் முடிவு சொல்லும்.

டாக்ஸோபிளாஸ்மாவால் ஒருமுறை குட்டி வீசிய ஆட்டுக்குப் பொதுவாக எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அவசரப்பட்டு அதை விற்றுவிடாதீர்கள். நியூசிலாந்தில் 1988 முதல் இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. சினைக்கு முன்பே போட வேண்டியது அது. பூனை நெருங்காதபடி தீவனத்தை மூடி வையுங்கள். குட்டிப் பூனைகளே நோயை அதிகம் பரப்பும். கர்ப்பிணிப் பெண்கள் ஆட்டுப் பிரசவத்துக்குக் கைகொடுக்கவே கூடாது. இந்த ஒட்டுண்ணி மனிதக் கருவையும் தாக்கும்.