கைவினைக் கத்தி வாங்க வெளிநாடு செல்வோர் கவனத்திற்கு

இரும்புச் சாமான், பாத்திரம், சமையலறைப் பொருள் வியாபாரத்தில் உள்ள நம் அங்கத்தினர்கள் பலர் கண்காட்சி பார்க்க ஜப்பான், ஜெர்மனி என்று போய் வருகிறார்கள். போன இடத்தில் கையால் அடித்துச் செய்த கத்திகளைக் கண்டதும் ஆசை வந்துவிடுகிறது. விற்பதற்காக அல்லாமல், ரசனைக்காகவே சேர்த்து வைப்பவர்களும் நம்மில் உண்டு. நல்ல ரசனைதான். ஆனால் கைக்கடிகாரம் வாங்கி வருவது போலக் கத்தியை வாங்கி வர முடியாது. விவரம் தெரியாமல் நடந்துகொண்டால் பொருள் பறிபோவதோடு நிற்காது, ஆளையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஒசாகா பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து போய் வந்ததில் தெரிந்துகொண்டவற்றை, சட்ட விவரங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

மொத்த வியாபாரியின் பெயர் தாங்கிய கத்தி

ஜப்பானில் கத்திக்குப் பெயர்போன ஊர்கள் பல. கிஃபு மாநிலத்தில் செகி, எச்சிசென் பகுதியில் டகேஃபு, ஒசாகாவை ஒட்டிய சக்காய் ஆகியவை முக்கியமானவை. முதல் முறை போகிறவர்களுக்குச் சக்காய்தான் வசதி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் மூலம் ஜப்பானுக்குப் புகையிலை வந்தது. அந்த இலையை நறுக்குவதற்கு இவ்வூர்க் கொல்லர்கள் செய்த கத்தி பெயர் பெற்றது. பிற்பாடு அரசாங்கமே தர முத்திரை குத்தி விற்க அனுமதித்தது. இன்று சமையல்காரர்கள் உபயோகிக்கும் கத்திகளே இங்கு அதிகம்.

நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் அங்குள்ள தொழில் முறை. கொல்லர் உலையில் அடித்துக் கொடுப்பதோடு சரி. சாணை பிடித்து விளிம்பு ஏற்றுவது வேறொரு பட்டறை. மரக் கைப்பிடி செய்கிறவர் இன்னொருவர். இவர்களிடம் வேலை வாங்கி, கைப்பிடி பூட்டி, தம் பெயரைப் பொறித்து விற்பவர் மொத்த வியாபாரி! ஆகவே அலகில் இருக்கும் எழுத்து பெரும்பாலும் கொல்லரின் பெயரல்ல, கடையின் பெயர். யார் அடித்தது, யார் சாணை பிடித்தது என்று கேட்டால் நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார். சொல்லத் தெரியாதவரிடம் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது நம் அபிப்பிராயம்.

மிருதுவான இரும்பின் மேல் கடினமான எஃகை வைத்து உலையில் ஒன்றாக்கி அடிப்பது பழைய முறை. திருப்பாச்சேத்தி அரிவாளைப் பார்த்து வளர்ந்த நமக்கு உலையும் சம்மட்டியும் புதிதல்ல. அங்கே எஃகின் பெயர்தான் புதிதாக இருக்கும். ‘வெள்ளைத் தாள்’, ‘நீலத் தாள்’ என்பார்கள். ஆலையில் சுற்றி வரும் தாளின் நிறத்தால் வந்த பெயர்கள் இவை. வெள்ளையில் கார்பன் தவிர வேறு சேர்மானம் மிகக் குறைவு. நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்ந்திருப்பதால் கூர் அதிக நாள் நிற்கும். இரண்டுமே துருப்பிடிக்கும்.

பட்டறையைப் பார்க்க அனுமதி கிடைத்தால் மூடிய ஷூவும் பருத்தி உடையும் போட்டுக்கொண்டு போக வேண்டும். தீப்பொறி பட்டால் டெரிகாட்டன் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். கேட்காமல் படம் எடுப்பதும், கூர் பார்க்கிறேன் என்று விளிம்பில் விரலை ஓட்டுவதும் கூடாது.

ஆறு சென்டிமீட்டர்

ஜப்பானில் துப்பாக்கி, வாள் பற்றிய சட்டம் 1958இல் வந்தது. அதன்படி 6 செ.மீ.க்கு மேல் நீளமான அலகுள்ள கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் உடன் கொண்டு செல்வது குற்றம். 2 ஆண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். அதைவிடச் சிறிய கத்தியை மறைத்து வைத்திருந்தாலும் சிறு குற்றங்கள் சட்டத்தில் பிடிக்கலாம். தற்காப்புக்காக வைத்திருக்கிறேன் என்பதை அவர்கள் காரணமாக ஏற்பதில்லை. கடையில் வாங்கி, கட்டிய கட்டுப் பிரிக்காமல் தங்கும் இடத்துக்குக் கொண்டு போவது தகுந்த காரணம்.

இதன் அருமை எங்களுக்கு ஒரு மாலை நேரத்தில் விளங்கியது. உடன் வந்த நண்பர் ஒருவர் மதியம் கத்தி வாங்கித் தோள்பையில் வைத்திருந்தார். ரயில் நிலையம் அருகே இரண்டு போலீஸ்காரர்கள் மரியாதையாகவே நிறுத்தி, பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கடைக் காகிதம் சுற்றிய பெட்டி அப்படியே இருந்தது. பில்லில் அன்றைய தேதி. பாஸ்போர்ட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அறைக்கு வந்த பிறகுதான் இன்னொரு நண்பர், பழம் நறுக்க ஊரிலிருந்து கொண்டு வந்த மடக்குக் கத்தியைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். அளந்தால் 7 செ.மீ. சோதனை அவரிடம் நடந்திருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்பார்? ஊர் திரும்பும் வரை அது சூட்கேஸை விட்டு வெளியே வரவில்லை. (பாஸ்போர்ட்டை அங்கே எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். இதுவும் சட்டம்.)

ஆகவே ஊர் சுற்றுவதை முதலில் முடித்து, கத்தியைக் கடைசி நாளில் வாங்குங்கள். அல்லது ஓட்டலுக்கே பார்சலில் அனுப்பக் கேளுங்கள். பல கடைகள் செய்து தருகின்றன. ரயிலில் உறையிடாத கத்தியைக் கொண்டு போக 2019 ஏப்ரல் முதல் தடை உள்ளது. முந்தைய ஆண்டு ஷின்கான்சென் ரயிலில் நடந்த கத்திக்குத்துதான் காரணம். 2008 ஜூனில் டோக்கியோவின் அகிஹபாராவில் 7 பேர் உயிரிழந்த பிறகு, 5.5 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள இருபுறக் கூர்க் குத்துவாள்களை வைத்திருப்பதே தடை செய்யப்பட்டது. பழைய வாள் மீது ஆசை வைக்காதீர்கள். பதிவுச் சான்று, ஏற்றுமதி அனுமதி என்று அது தனிப் பெரிய வேலை.

ஜெர்மனியில் கத்தி நகரம் என்றால் சோலிங்கன். அங்கே அலகுகளுக்கென்றே அருங்காட்சியகம் உண்டு. அதே ஊரில் 2024 ஆகஸ்டில் நடந்த விழாவில் ஒருவன் கத்தியால் குத்தி 3 பேர் இறந்தார்கள். அக்டோபர் இறுதியில் சட்டம் இறுகியது. விழா, சந்தை, கண்காட்சி போன்ற கூட்டங்களுக்கும் தூர ரயில்களுக்கும் கத்தி கொண்டு போகக் கூடாது. வாங்கிய கத்தி உடனே கைக்கு எட்டாதபடி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு விழாத மடக்குக் கத்திக்கு மட்டுமே வெளியில் விலக்கு. பொத்தானை அமுக்கினால் விரியும் கத்தியை எந்த நாட்டிலும் தொடாமல் இருப்பது மேல்.

விமான நிலையமும் நம் சுங்கமும்

கத்தி கைப்பையில் கூடாது, லக்கேஜில்தான் போக வேண்டும். விலை உயர்ந்தது, சூட்கேஸில் திருடு போகுமே என்று கைப்பையில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொண்டால் திரும்பி வராது. அலகுக்கு உறை போட்டு, அட்டைப் பெட்டியில் வைத்து, துணிகளுக்கு நடுவே வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஊழியரின் கை வெட்டுப்படக் கூடாது. தனித்தனி டிக்கெட்டில் பயணம் செய்தால் நடுவில் இறங்கும் நாட்டில் லக்கேஜை வாங்கி மறுபடி கொடுக்க நேரும். அப்போது அந்த நாட்டுச் சட்டமும் நம் மேல் வந்துவிடும். எல்லாம் ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது.

ஜப்பானில் 2026 நவம்பர் 1 முதல், கடையில் வரியோடு முழு விலையும் கட்டி, நாட்டை விட்டுப் புறப்படும்போது சுங்கத்தில் உறுதி செய்த பிறகு 10 சதவீத வரியைத் திரும்பப் பெறும் முறை. பொருளைக் காட்டச் சொல்லும்போது கத்தி லக்கேஜோடு போயிருந்தால் சிக்கல். பெட்டியைப் போடுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

நம் ஆயுதச் சட்டப்படி 9 அங்குல நீளத்துக்கோ 2 அங்குல அகலத்துக்கோ மேற்பட்ட அலகு ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்றே செய்தவை விலக்கு. பச்சை மீன் சீவும் ஜப்பானியக் கத்தி 27, 30 செ.மீ. இருக்கும், அதாவது 9 அங்குலத்தைத் தாண்டிவிடும். அதனால் ‘சமையலறைக் கத்தி’ என்று ஆங்கிலத்தில் பில்லில் எழுதி வாங்குவது அவசியம். தந்தக் கைப்பிடி போட்டது வேண்டவே வேண்டாம். மான் கொம்பும் வம்புதான். சாம்பிளுக்கு என்று ஒரே மாதிரி இருபது கத்தி கொண்டு வந்தால் அதைச் சொந்த உபயோகம் என்று சுங்க அதிகாரி ஒப்புவாரா? விற்பனைக்கு என்றால் இறக்குமதி எண் எடுத்து முறைப்படி சரக்காகவே தருவிக்க வேண்டும்.

பழைய ஜப்பானியக் கத்திகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே கூர் இருக்கும். அது வலக்கைக்காரருக்கானது. இடக்கைக்காரருக்கு என்றால் சொல்லிச் செய்யச் சொல்ல வேண்டும், விலையும் கூடும். வீட்டில் நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். நம் கடலோர ஊர்களில் ஒரே இரவில் துரு ஏறிவிடும். தேங்காய் உடைக்கவும் எலும்பு வெட்டவும் எடுத்தால் விளிம்பு பொரிந்து போகும். வீட்டில் உள்ளவர்களிடம் இதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.