ஒரு ரூபாய், இரண்டு மதிப்பு

கேள்வி: இந்திய ரூபாயும் பாகிஸ்தான் ரூபாயும் எப்போதாவது சம மதிப்பில் இருந்தனவா?

பதில்: 1947 பிரிவினையின்போது இரு நாடுகளுக்கும் நாணயம் ஒன்றே. 1948 ஜூலை 1-ல் பாகிஸ்தான் ஸ்டேட் வங்கி தொடங்கும்வரை இந்திய ரிசர்வ் வங்கியே பாகிஸ்தானுக்கும் மத்திய வங்கியாக இருந்தது. 'பாகிஸ்தான் அரசு' என்று மேலச்சிட்ட இந்திய நோட்டுகள் அங்கே செலாவணியாயின. ரூபாய் இரண்டான பிறகும் விகிதம் ஒன்றுக்கு ஒன்றுதான்.

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 30.5 சதவீதம் குறைத்தது. இந்தியாவும் அதே அளவு குறைத்தது, பாகிஸ்தான் மறுத்துவிட்டது. ஒரே நாளில் 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் தர வேண்டியதாயிற்று. இந்த விகிதத்தை ஏற்க இந்தியா முன்வராததால் வர்த்தகம் ஏறக்குறைய முடங்கியது. சணல் விளைந்தது பாகிஸ்தான் பக்கமிருந்த கிழக்கு வங்காளத்தில். சணல் ஆலைகள் இருந்தது இந்தியாவின் கல்கத்தாவில். இரு தரப்புக்குமே நட்டம். இந்த இழுபறியில் வீம்பும் கொஞ்சம் கலந்திருந்தது. 1951-ல்தான் இந்தியா இறங்கி வந்தது.

1955-ல் பாகிஸ்தானும் மதிப்பைக் குறைக்க, டாலருக்கு 4.76 என்று இரண்டும் மீண்டும் சமமாயின. 1966 ஜூனில் இந்தியா 7.50-க்கு இறக்கியது, பாகிஸ்தான் பணம் மறுபடி உயர்ந்து நின்றது. வங்கதேசப் போருக்குப் பின், 1972 மே மாதம், பாகிஸ்தான் தன் ரூபாயை டாலருக்கு 11 என நிர்ணயித்ததும் நிலைமை தலைகீழானது. இன்று ஓர் இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்று பாகிஸ்தான் ரூபாய் கிடைக்கிறது.