சொக்சோ மறுத்தால் அடுத்த படி என்ன?



வேலைக்காட்டில் அடிபட்டு, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, பாரம் எல்லாம் எழுதிப் போட்ட பிறகு சொக்சோவிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. முழுவதும் மலாயில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை படித்துப் பார்த்துவிட்டு, "கிடைக்காதாம்பா" என்கிறது. கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. "கவர்மெண்டே இல்லேன்னுட்டான், இனி யாருகிட்ட போய்க் கேக்கிறது?" என்று வீட்டில் ஒரு பேச்சு. அதோடு சரி.

சட்டத்தில் அது முடிவல்ல. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 4-வது சட்டம், மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு வழியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. ஒரு வழியல்ல, இரண்டு வழி. எது நம் வழி என்று தெரியாமல் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

சுகாதாரப் பகுதியில் பணத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். சொக்சோ விவகாரத்தில் தோற்கிறவர் பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை, டாக்டர் எழுதிய காகிதத்தில்தான் தோற்கிறார். அந்தக் காகிதத்தில் என்ன ஏறுகிறது என்பது, நாம் கிளினிக்கில் வாய் திறந்து என்ன சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் கடிதத்தைப் படியுங்கள்

மறுப்பு என்றால் 'டித்தோலாக்' என்ற சொல் இருக்கும். அதைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். எதற்காக மறுத்தார்கள் என்பதுதான் முக்கியம். 'புக்கான் பென்சானா கெர்ஜா' என்று இருந்தால், இது வேலையினால் வந்த காயம் அல்ல என்று சொல்கிறார்கள். 'தக்சிரான்' என்று இருந்தால், காயத்தை ஒப்புக்கொண்டு அது இத்தனை விழுக்காடு ஊனம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 'தீடாக் ஈலாட்' என்றால், நோய் இருந்தாலும் உழைக்க முடியாத அளவுக்கு இல்லை என்று பொருள். சந்தா போதவில்லை என்பதும் ஒரு காரணமாக வரும்.

விழுக்காடு குறைவு, அல்லது 'தீடாக் ஈலாட்' என்றால் அது டாக்டர்களின் முடிவு. அதை எதிர்த்து ஜெமாஆ டோக்டர் ராயுவான் என்னும் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போகவேண்டும். முடிவு கையில் கிடைத்ததிலிருந்து 90 நாள். வேலைக் காயமே அல்ல, சந்தா போதாது, நீ தொழிலாளியே அல்ல என்கிற மாதிரியான மறுப்புகள் சட்டக் கேள்விகள். அவை ஜெமாஆ ராயுவான் கெசெலாமாத்தான் சோசியல் என்னும் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும். அது நீதிமன்றம் மாதிரி சாட்சிகளை அழைத்து விசாரிக்கும். அதற்கும் கெடு உண்டு. அங்கேயும் தோற்று, சட்டம் சம்பந்தமான பெரிய கேள்வி ஒன்று மிச்சம் இருந்தால் உயர்நீதிமன்றம் வரை போகலாம்.

கடித உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

'சாக்கிட் மாத்தா' செய்கிற கேடு

செம்பனையில் குலை வெட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மட்டையை வெட்டும்போது அண்ணாந்து பார்க்கிறார். தூசும் நாரும் கண்ணில் விழுகின்றன. தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு அன்றைய வேலையை முடித்துவிடுகிறார். இரண்டு நாள் கழித்துக் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. கிளினிக்கில் "என்ன?" என்று கேட்கிறார்கள். "சாக்கிட் மாத்தா" என்கிறார். அட்டையில் 'சாக்கிட் மாத்தா' என்றே ஏறுகிறது. அவ்வளவுதான்.

செடி கொடியின் துணுக்கு பட்ட கண்ணில் பூஞ்சைக் கிருமி பிடிப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். அது கருவிழியில் புண்ணாகி, ஆறினாலும் தழும்பு நின்று, 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று நம்மவர்கள் சொல்கிற நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கடையில் தானாக வாங்கிப் போட்டால் அந்தப் புண் இன்னும் மோசமாகும். தாய்ப்பால் விடுவது, வெங்காயச்சாறு விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஆறு மாதம் கழித்து அவர் மனுப் போடுகிறார். சொக்சோ அட்டையைப் பார்க்கிறது. கண் வலி என்று இருக்கிறதே தவிர, விபத்து என்று ஒரு வார்த்தை இல்லை. மறுப்பு வருகிறது. அந்தக் காகிதத்தை மட்டும் பார்க்கிற அதிகாரி வேறு எப்படி எழுதுவார்?

ஆகவே கிளினிக்கில் காலடி வைத்ததும் மூன்று சங்கதி சொல்லுங்கள்: எந்த நாள், எந்த இடத்தில், என்ன வேலை செய்யும்போது. "செமாஸா கெர்ஜா" என்று சொல்லி, அதை எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சிறு காயமானாலும் மண்டோரிடம் அன்றே சொல்லி, கிராணி ஆபீஸில் பதியச் செய்யுங்கள். விபத்து நடந்தது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டும். அறிவித்தால் தோட்டத்துக்குக் கெட்ட பேர் வரும் என்று யாராவது தட்டிக்கழித்தால், நம் கிளைத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, அட்டையில் ஏறாமல் போய்விட்டது, மறுப்பும் வந்துவிட்டது. அப்போதும் வழி இருக்கிறது. அன்று நீங்கள் வேலைக்கு வந்தீர்கள் என்பதற்குச் செக்ரோல் சாட்சி. கூட வேலை செய்தவர் பார்த்திருந்தால் அவர் எழுதிக் கொடுக்கலாம். புண்ணைச் சுரண்டிப் பரிசோதித்த லாப் காகிதத்தில் பூஞ்சை என்று வந்திருந்தால் அது பலமான ஆதாரம். செடித் துணுக்குப் பட்ட கண்ணில் இப்படி வரும் என்று கண் டாக்டரே எழுதலாம். இன்னொன்று, நம்மில் பலருக்குத் தெரியாதது: வேலை நேரத்தில், வேலை செய்துகொண்டிருக்கும்போது நடந்த விபத்தை, மாறான சாட்சி இல்லாதவரை, வேலையினால் வந்ததாகவே கொள்ளவேண்டும் என்று சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த பிரிவு வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் போகும்போது வரும்போது நடக்கும் விபத்தையும் சேர்த்துக்கொள்கிறது. வழியில் சொந்தக் காரியத்துக்காக வேறு பக்கம் திரும்பியிருந்தால் சிக்கல் வரும்.

விழுக்காடு என்றால் எவ்வளவு பணம்?

"பத்து விழுக்காடு கூடினா என்ன, குறைஞ்சா என்ன?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய சராசரி நாள் சம்பளம் 60 வெள்ளி என்று வையுங்கள். நிரந்தர ஊனத்துக்கு முழு விகிதம் அதில் 90 விழுக்காடு, அதாவது நாளுக்கு 54 வெள்ளி. ஊனம் 20 விழுக்காடு என்று மதிப்பிட்டால் நாளுக்கு 10 வெள்ளி 80 காசு, முப்பது நாளுக்கு 324 வெள்ளி. 30 விழுக்காடு என்றால் 486 வெள்ளி. வித்தியாசம் 162 வெள்ளி, அதுவும் மாதா மாதம், ஆயுள் முழுக்க. 20 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே இருந்தால் மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேலே போனால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக எடுத்துக்கொண்டு, மீதியை மாதந்தோறும் வாங்கலாம். மொத்தப் பணம் கையில் வந்தால் மோட்டார் சைக்கிளாகவும் கல்யாணச் செலவாகவும் கரைவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். என்னைக் கேட்டால் மாதப் பணமே மேல்.

டாக்டர்கள் குழுவின் முன்னால்

சிகிச்சை முடிந்து, இதற்குமேல் தேறாது என்ற நிலை வந்த பிறகுதான் நிரந்தர ஊனத்தை மதிப்பிடுவார்கள். குழுவில் உள்ள டாக்டர் உங்களைப் பார்ப்பது சில நிமிஷம்தான். விரல் எவ்வளவு மடங்குகிறது, கண்ணாடி போட்டால் எத்தனை வரி படிக்கிறீர்கள், காலில் மரத்துப்போன இடம் எது என்று அளப்பார்.

நம்மவர்கள் இங்கே இரண்டு விதமாகக் கெடுத்துக்கொள்கிறார்கள். சிலர் இல்லாத நொண்டலை நொண்டிக் காட்டுவார்கள். டாக்டருக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும். பிறகு உள்ள வலியையும் நம்பமாட்டார். ஆனால் அதைவிட அதிகம் நடப்பது மற்றது. முக்கியமாக நம் பெண்கள், "எப்படிம்மா இருக்கு?" என்றால், மரியாதைக்காக "பரவாயில்லைங்க டாக்டர்" என்று சொல்லிவிடுவார்கள். 'முறையீடு இல்லை' என்று எழுதிக்கொள்வார். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை, அதை அங்கே சொல்லவேண்டாமா? மலாய் சரளமாக வராவிட்டால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். எக்ஸ்ரே, மருந்துப் பை, கண்ணாடி, பழைய அட்டைகள் எல்லாம் கையோடு இருக்கட்டும்.

மேல்முறையீட்டுக்கு நிபுணர் டாக்டரின் அறிக்கைதான் உயிர்நாடி. என்ன காயம், அது அந்த விபத்தால் வந்ததா, அளந்து பார்த்ததில் எவ்வளவு குறை, அது நிரந்தரமா, இவற்றோடு எந்த வேலையை இனிச் செய்யமுடியாது என்பதும் அதில் வரவேண்டும். பட்டணத்து டாக்டருக்குக் குலை வெட்டுவது எப்படி என்று தெரிந்திருக்காது. 'பெக்கெர்ஜா லாடாங்' என்று மட்டும் எழுதிவிடுவார். நீங்கள் சொல்லவேண்டும்: நீளமான கம்பில் கத்தி, அண்ணாந்து பார்த்தபடி இழுப்பது, இருபது கிலோவுக்கு மேலும் இருக்கிற குலை, மேடும் பள்ளமும், மழையில் வழுக்கும் பாதை. ஒரு கண் போனவருக்குத் தூரம் மட்டுப்படாது. அவர் அந்தக் கம்பைப் பிடித்தால் அவருக்கும் ஆபத்து, கீழே நிற்பவருக்கும் ஆபத்து. இதை அறிக்கையில் எழுதினால்தான் குழுவுக்குப் புரியும்.

ஆஸ்பத்திரியில் மருத்துவ அறிக்கை கேட்டால் கட்டணம் கட்டவேண்டும், கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். 80-ஆம் நாள் போய்க் கேட்டுப் பயனில்லை. கடிதம் வந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அதிகம் கிடைத்தது, எனக்கு ஏன் இல்லை என்பது ஒரு காரணமாகாது. அவர் காயம் வேறு, சம்பளம் வேறு. புதிய ஆதாரம் கையில் இருக்கிறதா, குழு கவனிக்காமல் விட்ட குறை ஏதும் உண்டா என்று பார்த்துத்தான் மேலே போகவேண்டும். பின்னால் காயம் எதிர்பாராத விதமாக மோசமானால் மதிப்பீட்டை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கவும் இடமுண்டு.

நோய்வாய்ப்பட்டவர்களுக்கு

வேலைக் காயம் இல்லாமல், சிறுநீரகம், இருதயம், பக்கவாதம் என்று படுத்தவர்களுக்கு உள்ளது கெயிலாத்தான் திட்டம். நிரந்தரமான நோயினால், நல்ல உடம்புள்ளவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாதவராக இருக்கவேண்டும், 60 வயதுக்குள் மனுப் போடவேண்டும். வேலைக் காயத்துக்கு இத்தனை மாதச் சந்தா என்ற கணக்கு இல்லை, முதல் நாள் வேலையில் அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. கெயிலாத்தானுக்குச் சந்தாக் கணக்கு உண்டு. மனுவுக்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதம் கட்டியிருந்தால் முழுத் தகுதி. அது இல்லாவிட்டாலும் வேறு கணக்குகளில் தகுதி வரலாம், கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்தை விட்டுக் குத்தகையாளரிடம் போனவர்களுக்கு இங்கேதான் இடி விழுகிறது. சம்பளத்தில் பிடித்திருப்பார், கட்டியிருக்கமாட்டார். சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். குத்தகையாளரின் ஆட்களுக்காகத் தோட்ட நிர்வாகத்துக்கும் சட்டத்தில் பொறுப்பு உண்டு. சந்தா விவரத்தை ஆண்டுக்கு ஒரு தடவையாவது சொக்சோ ஆபீஸில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வாரியத்தின் முன் வக்கீல் வைத்துத்தான் பேசவேண்டும் என்பதில்லை. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் அதிகாரி ஒருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தால் அவர் உங்களுக்காக நிற்கலாம். கடிதம், உறை, அட்டை, சம்பளச் சீட்டு இவற்றைக் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். மூலக் காகிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி 1 முதல் வேலைக் காயத் திட்டமும், 2024 ஜூலை 1 முதல் கெயிலாத்தான் திட்டமும் பொருந்தும். பக்கத்து லயத்து வங்காளதேசப் பையனுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், அதையும் வாங்கிப் படித்து, 90 நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்று காலண்டரில் குறித்துக் கொடுங்கள்.